கரண்டுக் கம்பி போகாத வீட்டுக்கு எந்த ஹீட்டர், எந்த பம்ப்?

கேள்வி: கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுக்கு மேலே, காப்பியும் மிளகும் போட்ட இரண்டு ஏக்கரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஈ.பி. லைன் இழுக்க இருபதுக்கும் மேல் போஸ்ட் நட வேண்டும் என்கிறார்கள், அதனால் சோலார்தான் என்று முடிவு. போர் 300 அடி, கோடையில் தண்ணீர் 120 அடியில் நிற்கும். டேங்க் பின்னால் சரிவில் வருகிறது, போர் இருக்கும் இடத்திலிருந்து 60 அடி உயரம், வீட்டுக் கூரையிலிருந்து 30 அடி இருக்கும். நாங்கள் நான்கு பேர், சனி ஞாயிறு எட்டுப் பேர் ஆகிவிடும். மதுரையில் ஒரு கடைக்காரர் 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர், 150 ஏ.ஹெச். பேட்டரி எட்டு, 2 கிலோவாட் கீஸர், ஒன்றரை ஹெச்.பி. சப்மெர்சிபிள் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா சார்?

பதில்: அப்படியே வாங்காதீர்கள் சார். அந்த லிஸ்ட்டில் கீஸரை மட்டும் அடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சுருங்கிவிடும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும், எந்தக் கம்பெனி ஹீட்டராக இருந்தாலும் இதில் பேரம் கிடையாது. மார்கழிக் காலையில் உங்கள் தொட்டித் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், குளிக்க 45 வேண்டும், ஆக 100 லிட்டருக்கு மூன்றரை யூனிட் (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). வீடு நிறைய ஆள் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை 200 லிட்டர், ஏழு யூனிட். 12 வோல்ட் பேட்டரி எட்டும் சேர்ந்து 14.4 யூனிட்தான், லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் கைக்கு வருவது 7.2. எல்லாரும் குளித்து முடித்ததும் லைட் போடக் கரண்டு இருக்காது. ஐப்பசி கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் மூட்டம் போட்டால் அதைத் திரும்ப ஏற்றவும் வழியில்லை.

இதே கணக்கைப் பம்புக்குப் போடுங்கள். 120 அடியும் 60 அடியும் சேர்ந்து 180, பைப்பில் போகும் நஷ்டத்தையும் சேர்த்து 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1000 லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தே, சுமார் அரை யூனிட் போதும். 100 லிட்டர் சுட வைக்க மூன்றரை, 1000 லிட்டர் மேலே ஏற்ற அரை. கரண்டைத் தின்பது எது என்று இப்போது புரிந்திருக்கும். அதனால் வெந்நீரை வெயிலிடமும் அடுப்பிடமும் விட்டுவிடுங்கள், பம்பைப் பேட்டரி இல்லாமல் நேராகப் பேனலில் ஓட்டுங்கள், லைட், டிவி, சின்ன ஃப்ரிட்ஜ், போன் சார்ஜுக்கு மட்டும் 24 வோல்ட் இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் போதும்.

பம்ப்: ஒன்றரை ஹெச்.பி. தேவையில்லை. பேனல் தரும் நேர் மின்சாரத்திலேயே ஓடும் ஒரு ஹெச்.பி. டி.சி. சப்மெர்சிபிள், கன்ட்ரோலரோடு, 1200 வாட் பேனல். இது நல்ல வெயில் நாளில் உங்கள் தேவையைப் போல் பல மடங்கு ஏற்றிவிடும், மந்தமான நாளிலும் கொஞ்சமாவது ஏறும். சாதாரண ஏ.சி. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும், அதைத் தாங்கத்தான் 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் எழுதியிருக்கிறார்கள். டி.சி. பம்ப் மெதுவாகக் கிளம்பும், அந்தச் செலவு மிச்சம். மிச்சத்தை டேங்க்கில் போடுங்கள். 5000 லிட்டர் டேங்க் என்றால் மூன்று நாள் மூட்டத்துக்குத் தாங்கும். மலை போர்களில் ஊற்று மெதுவாகத்தான் ஊறும், எனவே தண்ணீர் வற்றினால் பம்ப் தானாக நிற்கும் டிரை ரன் வசதி கன்ட்ரோலரில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மேலே டேங்க் வரை ஃப்ளோட் சுவிட்ச் ஒயர் இழுப்பதையும் இடி தாங்கி, எர்த்திங்கையும் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள், கடைசியில் விட்டுப்போவது அதுதான்.

காப்பிக்குத் தண்ணீர் பாய்ச்சவும் இதே போர்தான் என்றால், வாங்குவதற்கு முன்னால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 2019-ல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் கரண்டு இல்லாத இடங்களுக்கான தனி சோலார் பம்ப்புக்கு மத்திய அரசு 30, மாநில அரசு 30 சதவீதம் என்பது திட்ட விதி. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். வாங்கி மாட்டிவிட்டுப் போய் மானியம் கேட்டால் கிடைக்காது.

இனி வெந்நீர். 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் ஒன்று. கண்ணாடிக் குழாய் வைத்த ஈ.டி.சி.யா, தட்டையான எஃப்.பி.சி.யா என்று கேட்பீர்கள். குளிரில் நன்றாக வேலை செய்வதும் விலை குறைவும் ஈ.டி.சி., ஆனால் உங்கள் ஊரில் குரங்கு உண்டு, கூரையில் ஒரு கூட்டம் குதித்து ஓடினால் நாலு குழாய் போய்விடும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, இதை விற்பவர்கள் பலர் சொல்வதில்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்கும் ஈ.டி.சி. குழாயில், உச்சி வெயிலில் பச்சைத் தண்ணீர் இறங்கினால் கண்ணாடி படபடவென்று தெறிக்கும். சோலார் பம்ப் தண்ணீர் ஏற்றுவதே உச்சி வெயிலில்தானே. மேல் டேங்க் காலியாகிக் குழாயும் காய்ந்துவிட்ட நாளில், பதினொரு மணிக்குப் பம்ப் ஏற்ற ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெரிய டேங்க் எப்போதும் கால்வாசிக்குக் கீழே இறங்காது என்றால் ஈ.டி.சி. வாங்கலாம், அந்த நம்பிக்கை இல்லையென்றால் எஃப்.பி.சி. என் ஓட்டு உங்கள் வீட்டுக்கு எஃப்.பி.சி., ஐ.எஸ். 12933 என்ற இந்தியத் தர முத்திரை இருப்பதாகப் பார்த்து. கொடைக்கானலின் உயரமான மேல்மலையில் டிசம்பர், ஜனவரி உறைபனி விழும் இடமாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், தட்டுக்குள் இருக்கும் செம்புக் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கும். பண்ணைக்காட்டில் அந்தப் பயம் இல்லை.

மாட்டும்போது ஒரு சிக்கல் வரும். இந்த ஹீட்டர்களின் தொட்டி பெரும்பாலும் பிரஷர் தாங்காது, மேலே ஒரு காற்றுக் குழாய் திறந்தே இருக்கும். 30 அடி மேலே இருக்கும் டேங்க்கிலிருந்து நேராகக் கனெக்‌ஷன் கொடுத்தால் அந்தக் குழாய் வழியாக நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டும், அதை அடைத்தால் தொட்டி பிளக்கும். கூரையில் ஹீட்டர் தொட்டிக்கு ஓர் அடி மேலே, மிதவை வால்வு போட்ட 200 லிட்டர் சின்ன டேங்க் ஒன்று வைத்து அதிலிருந்துதான் ஹீட்டருக்கு விட வேண்டும். பாத்ரூம் பச்சைத் தண்ணீரையும் அதே சின்ன டேங்க்கிலிருந்தே எடுங்கள். பச்சைத் தண்ணீர் மட்டும் மேல் டேங்க் வேகத்தில் வந்தால் மிக்ஸரில் வெந்நீரை உள்ளே தள்ளிவிடும், குளிப்பவர் வெடவெடத்துப் போவார். பிளம்பரிடம் இதை வரைந்து காட்டுங்கள். வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப், மேலே இன்சுலேஷன் சுற்றி, பாத்ரூம் ஹீட்டருக்கு நேர் கீழே வருகிற மாதிரி. பைப் நீண்டால் அவ்வளவும் ஆறிய தண்ணீர் முதலில் வரும்.

வெயில் இல்லாத நாளுக்கு? கேஸ் கீஸர். 40 லிட்டர் குளியலுக்கு ஏறத்தாழ 140 கிராம் கேஸ் செலவாகும், ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் நூறு குளியல். பற்ற வைக்க உள்ளே இரண்டு டார்ச் செல், அவ்வளவுதான் கரண்டு. இதற்குத் தண்ணீர் வேகம் வேண்டும், இங்கேதான் உங்கள் 30 அடி உயர டேங்க் உதவும். ஆனால் பாத்ரூமுக்குள் மாட்டவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடு மணம் கூடக் காட்டாமல் ஆளைக் கொன்றுவிடும். வெளிச்சுவரில், காற்றோட்டமான இடத்தில் மாட்டி, பைப்பை மட்டும் உள்ளே விடுங்கள். காப்பித் தோட்டத்தில் கவாத்து விறகு சும்மா கிடக்கும் என்றால் நடுவில் புகைக்கூண்டு வைத்த பழைய செம்பு பாய்லர் ஒன்று வாங்கிப் போட்டால் கேஸ் கூட வேண்டாம், ஆள் அதிகம் வரும் நாளில் எனக்கென்னவோ அதுதான் சரிப்படும் என்று தோன்றுகிறது. காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் ஹீட் பம்ப் என்று யாராவது சொன்னால், கரண்டு மூன்றில் ஒரு பங்குதான் ஆகும் என்பது உண்மை, ஆனால் அந்த விலைக்கு உங்கள் அளவு வீட்டில் நியாயம் இல்லை.

பில் வாங்கும்போது ஒன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் வாட்டர் ஹீட்டருக்கும் பேனலுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய கொட்டேஷனில் 12 போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, தருமபுரி பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் 45 அடிக் கிணறு, தண்ணீர் 35 அடியில். ஒரு ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் மோட்டார் சும்மா இருக்கிறது. கிணற்று மேட்டில் வைத்து 1 கே.வி.ஏ. இன்வெர்ட்டரில் ஓட்டலாமா, இல்லை சின்ன ஜெனரேட்டர் வாங்கட்டுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்மா. முதலில், மேட்டில் வைத்தால் அந்த மோட்டார் 35 அடியிலிருந்து உறிஞ்சாது. காற்றழுத்தம் தண்ணீரைத் தூக்கிக் கொடுப்பதே ஏட்டளவில் 34 அடிதான், நடைமுறையில் 20, 25 அடியோடு நின்றுவிடும். ஃபுட் வால்வு மாற்றினாலும் மெக்கானிக்கை மாற்றினாலும் இது மாறாது. கிணற்றுக்குள் படி கட்டி இறக்கி வைக்கலாம், மழையில் தண்ணீர் ஏறினால் மோட்டார் மூழ்கும்.

இரண்டாவது, 1 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் மோட்டார் கிளம்பும்போதே டிரிப் ஆகும். ஜெனரேட்டர் என்றாலும் 3 கே.வி.ஏ. வாக்கில் வேண்டும், ஓர் அரை மணி நேர ஓட்டத்துக்காக பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். சோலார் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மாட்டி இதே மோட்டாரை ஓட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் எச்சரிக்கை, சாதாரண வி.எஃப்.டி. த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கானது, கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு ஒத்து வராது. இருப்பதை விற்றுவிட்டு, தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் டி.சி. ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் அரை ஹெச்.பி.யில் வாங்கிப் பேனலில் நேராக ஓட்டுங்கள். வீட்டுத் தேவைக்கு அது தாராளம்.

கேள்வி: ராமநாதபுரம் கடற்கரையோரம் நான்கு அறை விடுதி, எல்லாம் சோலார். ஈ.டி.சி. ஹீட்டர் தொட்டி இரண்டாம் வருஷமே வெல்டிங் ஓரத்தில் ஒழுகுகிறது. ஐந்து வருஷ வாரன்டி என்று சொல்லி விற்றவர்கள், உப்புத் தண்ணீருக்கு வாரன்டி செல்லாது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சாதாரண எஸ்.எஸ். 304 எவர்சில்வர் தொட்டிக்கு உங்கள் ஊர் உப்புத் தண்ணீர் எமன். சூடும் குளோரைடும் சேர்ந்தால் வெல்டிங் ஓரத்தில் குண்டூசித் துளையாக ஆரம்பிக்கும். அடுத்து வாங்குவது எஸ்.எஸ். 316 அல்லது உள்ளே எனாமல் பூசி, தொட்டிக்குப் பதில் தான் அரிபடும் மெக்னீசியம் கம்பி (ஆனோடு) வைத்த தொட்டியாக இருக்கட்டும், ஆனோடைக் கரையக் கரைய மாற்ற வேண்டும். முடிந்தால் ஹீட்டருக்கு மட்டும் மழைநீர்த் தொட்டியிலிருந்து தண்ணீர் விடுங்கள்.

வாரன்டி விஷயத்தில் உடனே தோற்றுப்போக வேண்டாம். அட்டையை எடுத்து, தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகள்) அளவு இவ்வளவுக்கு மேல் இருந்தால் செல்லாது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால், விற்கும் முன் அவர்கள் தண்ணீரைச் சோதித்தார்களா? இடத்தைப் பார்த்து, அளந்து, மாட்டிவிட்டுப் போனவர்கள் உப்பு ஊர் என்று தெரியாது எனச் சொல்வது எடுபடுவது கஷ்டம். ஒழுகும் இடத்தைப் போட்டோ எடுத்து, பில் நகலோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் விடுதிக்கு வாங்கியது வணிகப் பயன்பாடு, நுகர்வோர் வழக்கு ஆகாது என்று எதிர்த்தரப்பு கிளப்பும். நீங்களே நடத்திப் பிழைக்கும் சிறு தொழில் என்றால் சட்டத்தில் அதற்கு விலக்கு உண்டு, புகாரின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள்.