பணி விதிகளை எளிய தமிழில் எழுதுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் விதிப்புத்தகத்தில் உள்ள வரி இது: "முன் அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று தினங்களுக்கு மேல் பணிக்கு வராத பட்சத்தில், மேற்படி பணியாளர் மீது தக்க நடவடிக்கை மேற்கொள்ளப்படும்." இதை எப்படிச் சுருக்குவது?

பதில்: சுருக்குவது பிறகு. யாரிடம் அனுமதி வாங்குவது? வார விடுமுறை கணக்கில் சேருமா? நடவடிக்கை எடுப்பது யார்? "தக்க" என்றால் என்ன? எதற்குமே இந்த வரியில் பதில் இல்லை. சொற்களை மட்டும் குறைத்தால் ஓட்டை அப்படியேதான் இருக்கும். முதலில் நிர்வாகத்திடம் பதில் வாங்குங்கள். பதிலைப் பொறுத்து வரி இப்படி அமையலாம்:

"விடுப்பு எடுக்கும் முன் மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் தொடர்ந்து 4 வேலை நாட்கள் வராவிட்டால், மனிதவளப் பிரிவு உங்களிடம் எழுத்தில் விளக்கம் கேட்கும். வார விடுமுறை இதில் சேராது."

4 என்ற எண்ணைக் கவனியுங்கள். "மூன்றுக்கு மேல்" என்பதை அவசரத்தில் "3 நாட்கள்" ஆக்கிவிட்டால் விதியே மாறிவிடும். இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை இது.

கேள்வி: "வேண்டும்" கடுமையாக இருக்கிறதே. "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று எழுதலாமா?

பதில்: கட்டாயம் என்றால் "வேண்டும்"தான். வேண்டுகோள் போல எழுதிவிட்டுப் பிறகு தண்டிக்க முடியாது. "பிடித்தம் செய்யப்படலாம்" இன்னும் மோசம். யார், எப்போது என்றே தெரியாது.

கேள்வி: வேலையை விடுபவர்களுக்கு "ஒரு மாத நோட்டீஸ்" என்று எழுதினால் போதாதா?

பதில்: போதாது. நாள்கணக்கைச் சொல்லி, கூடவே ஓர் உதாரணமும் போடுங்கள்: "ஜூன் 10 அன்று கடிதம் கொடுத்தால், ஜூன் 11 முதல் எண்ண வேண்டும். 30-ஆம் நாளான ஜூலை 10 உங்கள் கடைசி நாள்." "15-ஆம் தேதிக்குள்" என்பதிலும் 15 சேருமா என்ற தகராறு வரும். "15-ஆம் தேதி மாலை 5 மணிக்குள்" என்றால் தீர்ந்தது.

கேள்வி: சட்டச் சொற்களையும் மாற்றலாமா?

பதில்: தொடாதீர்கள். இடைநீக்கம், பணிநீக்கம், ஆட்குறைப்பு மூன்றுக்கும் விளைவு வேறு. சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். ஓரிடத்தில் "ஊழியர்", இன்னோரிடத்தில் "தொழிலாளி" என்று மாற்றி எழுதினால் இரண்டும் வேறு ஆட்கள் என்று வாதாட இடம் கிடைக்கும். அச்சுக்குப் போகும் முன் வழக்கறிஞர் ஒருமுறை பார்க்கட்டும்.

கேள்வி: புரிகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2023-இல் வெளியிட்ட 24495-1 என்ற எளிய மொழித் தரநிலையும், வாசிப்பவர் தேவையானதைக் கண்டுபிடித்து, புரிந்துகொண்டு, பயன்படுத்த முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. ஐந்து பேரிடம் புத்தகத்தைக் கொடுத்து, "ஷிப்ட் 9 மணிக்கு. 8 மணிக்குக் காய்ச்சல். யாருக்குச் சொல்வீர்கள், எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு பேர் தடுமாறினால் அந்த விதியைத் திருத்தி, வேறு ஆட்களிடம் மறுபடி கேளுங்கள். முதலில் படித்தவர்களுக்கு இப்போது விடை தெரியும்.