எழுத முடியாத எண்ணின் கடைசி இலக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரஹாம் எண் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிரபஞ்சத்தில் நம்மால் காணக்கூடிய அணு ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் எழுதினாலும் அந்த எண் முடியாது என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே அதன் கடைசி இலக்கம் 7 என்கிறீர்கள். யாருமே போய்ப் பார்க்காத இடத்தில் என்ன இருக்கிறதென்று எப்படிச் சொல்வது? மேதைகள் சொன்னால் நம்பிக்கொள்ள வேண்டியதுதானா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நம்ப வேண்டாம். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் அந்த 7-ஐ நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

3-ஐ 3-ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள்: 3, 9, 27, 81, 243, 729, 2187, 6561. கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள். 3, 9, 7, 1. மறுபடியும் 3, 9, 7, 1. பெருக்கும்போது விடையின் கடைசி இலக்கம், முந்தைய எண்ணின் கடைசி இலக்கத்தைத் தவிர வேறெதையும் சார்ந்ததில்லை. அதனால் 1 வந்ததும் கதை முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. அடுக்கு, அதாவது எத்தனை 3-களைப் பெருக்குகிறோம் என்ற எண்ணிக்கை, எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, அதை 4-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று தெரிந்தால் போதும்.

கிரஹாம் எண் முழுக்க முழுக்க 3-களை ஒன்றின் தலைமேல் ஒன்றாக அடுக்கிய கோபுரம். இரண்டு 3 வைத்தால் 3-இன் 3-ஆம் அடுக்கு, அதாவது 27. மூன்று வைத்தால் 3-இன் 27-ஆம் அடுக்கு, அதாவது 7625597484987. நான்கு வைத்தால் சுமார் 3.6 லட்சம் கோடி இலக்கங்கள் கொண்ட எண். கிரஹாம் எண்ணில் எத்தனை 3-கள் என்பதையே நம் வழக்கமான முறையில் எழுதி முடிக்க முடியாது. அமெரிக்கக் கணிதவியலாளர் ரொனால்ட் கிரஹாமின் கணிதத்திலிருந்து வந்த இந்த எண்ணை 1977-இல் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்திரிகைப் பத்தியில் எழுதினார், அப்புறம்தான் பலருக்கும் தெரிந்தது.

சரி, அந்தக் கோபுரத்தில் அடித்தளத்து 3-க்கு மேலே இருப்பதெல்லாம் சேர்ந்து ஓர் அடுக்கு. அதுவும் 3-இன் அடுக்குதான், அதன் தலையில் இருப்பது ஒற்றைப்படை எண். 3-இன் அடுக்குகளை 4-ஆல் வகுத்துப் பாருங்கள்: 3-க்கு மீதி 3, 9-க்கு 1, 27-க்கு 3, 81-க்கு 1. ஒற்றைப்படை அடுக்கு என்றால் எப்போதும் மீதி 3. ஆக 3, 9, 7, 1 வரிசையில் மூன்றாவது இடம். 7.

முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்த அன்று வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எனக்கு அந்தச் சிலிர்ப்பு குறையவில்லை.

இன்னும் சில பண்புகள் கணக்கே போடாமல் கைக்கு வரும். அது ஒற்றைப்படை எண். 3-ஐத் தவிர எந்தப் பகா எண்ணாலும் வகுபடாது. அடுக்கு 3-இன் மடங்கு என்பதால் அது ஒரு முழுக் கன எண். அடுக்கு ஒற்றைப்படை என்பதால் முழு வர்க்கம் அல்ல. அதன் இலக்கங்களைக் கூட்டி, வந்ததை மறுபடி கூட்டி, ஓர் இலக்கம் மிஞ்சும்வரை கூட்ட முடிந்தால் 9 வரும்.

ஆனால் அதன் முதல் இலக்கம்? யாருக்கும் தெரியாது. கடைசியில் இருப்பதற்குச் சுழற்சி கைகொடுக்கிறது, முதலில் இருப்பதற்கு அப்படி ஒரு பிடி இல்லை. அதுவும் நாம் பத்தடிமானத்தில், அதாவது பத்துப்பத்தாகச் சேர்த்து எண்ணி, எழுதுவதால் வரும் சிக்கல். மூன்றடிமானத்தில் எழுதினால் முதல் இலக்கம் 1, மற்றதெல்லாம் பூஜ்யம்!

ஒரு படி மேலே போக விருப்பமா? கடைசி இரண்டு இலக்கங்கள் 20 அடுக்குக்கு ஒருமுறை திரும்பி வரும். 3-இன் அடுக்குகளை 20-ஆல் வகுத்தாலும் மீதி 3, 9, 7, 1 என்றே சுழலும், எனவே கோபுரத்து அடுக்கை 20-ஆல் வகுத்தால் மீதி 7. 3-இன் 7-ஆம் அடுக்கு 2187, எனவே கடைசி இரண்டு இலக்கங்கள் 87. கடைசி மூன்று 100 அடுக்குக்கு ஒருமுறை திரும்பும், அந்த அடுக்கும் இதேபோன்ற 3-களின் கோபுரம் என்பதால் அங்கே தேவைப்படும் மீதி இப்போது கண்ட 87-தான். 3-இன் 87-ஆம் அடுக்கில் கடைசி மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். எனக்கு 387 வந்தது. உங்களுக்கு என்ன வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.