தங்கமும் ஃபுளோரினும் – கடிதம்

வணக்கம்,

மகளுக்குத் தனிம வரிசை அட்டவணையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தொகுதியில், அதாவது அட்டவணையின் ஒரு செங்குத்து வரிசையில், கீழே போகப் போக உலோகங்களின் வினைபடுதிறன் கூடும், அலோகங்களுக்குக் குறையும் என்று புத்தகத்தில் இருக்கிறது. “ஒரே அட்டவணைக்கு எதுக்கு ரெண்டு விதி?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மனப்பாடம் செய் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மனப்பாடம் செய் என்று சொல்லாமல் விட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. இந்தப் பாடத்தை எதிரெதிரான இரண்டு அம்புக்குறிகளாகச் சுருக்கிவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். உங்கள் மகளின் சந்தேகம் சரியானது. அங்கே இருப்பது ஒரே விதிதான்.

வினை என்று வந்தால் உலோகம் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும், அலோகம் வாங்கிக்கொள்ளும். கீழே போகப் போக அணுவில் கூடுகள், அதாவது எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்குகள், சேர்கின்றன. கடைசிக் கூடு அணுக்கருவை விட்டுத் தள்ளிப் போகிறது, நடுவில் இருக்கும் எலக்ட்ரான்கள் கருவின் ஈர்ப்பை மறைக்கவும் செய்கின்றன. பிடி தளர்கிறது. பிடி தளர்ந்தால் கொடுப்பது சுலபம், வாங்கி வைத்துக்கொள்வது கஷ்டம். இடமிருந்து வலமாகப் போனால் கூடு அதேதான், கருவின் மின்சுமை மட்டும் கூடுவதால் பிடி இறுகும்.

ஒரு மோல் (வேதியியலில் அணுக்களை எண்ணும் அளவு) லித்தியம் அணுக்களிலிருந்து ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பிரிக்க 520 கிலோஜூல் வேண்டும். சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419, சீசியத்துக்கு வெறும் 376. தண்ணீரில் போட்டால் லித்தியம் மிதந்தபடி குமிழி விடும், பொட்டாசியம் ஊதாச் சுடரோடு எரியும், சீசியம் வெடிக்கும். அலோகங்களில் பார்க்க வேண்டுமென்றால், பொட்டாசியம் புரோமைடு கரைசலில், புரோமினுக்கு மேலே இருக்கும் குளோரினைச் செலுத்தினால் புரோமின் வெளியேறிக் கரைசல் ஆரஞ்சு நிறமாகும். குளோரைடு கரைசலில் புரோமினை ஊற்றினால் ஒன்றும் நடக்காது.

சரி, இப்போது மகள் கேட்கக்கூடிய அடுத்த கேள்வி. எலக்ட்ரானை வாங்கும்போது வெளிப்படும் ஆற்றல் குளோரினுக்கு 349 கிலோஜூல், அதற்கு மேலே இருக்கும் ஃபுளோரினுக்கு 328. அப்படியானால் குளோரின் அல்லவா முந்த வேண்டும்? ஃபுளோரின் அணு மிகச் சிறியது. ஏற்கெனவே நெருக்கியடித்து இருக்கும் எலக்ட்ரான்கள் புதிதாக வருவதைத் தள்ளுகின்றன. ஆனால் அதே நெருக்கடியால் இரண்டு ஃபுளோரின் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பும் பலவீனம். அதை உடைக்க 159 கிலோஜூல் போதும், குளோரினுக்கோ 243 வேண்டும். உடைந்த பிறகு அந்தச் சிறிய அணு மற்றத் தனிமங்களோடு மிக வலுவாகப் பிணைகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஃபுளோரினை மிஞ்ச ஆளில்லை. அதைத் தனியாகப் பிரிக்கப் போய் உயிரை இழந்தவர்கள் உண்டு. 1886இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி முவாசான்தான் முதலில் பிரித்தெடுத்தார். 1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்புறம் இன்னொன்று. எல்லா உலோகங்களும் கீழே போகப் போக வேகம் கூடுவதில்லை. செம்புக்குக் கீழே வெள்ளி, அதற்கும் கீழே தங்கம். ஆனால் மூன்றில் தங்கம்தான் எதோடும் எளிதில் சேராமல் இருக்கிறது. செம்பிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிரிக்க 745 கிலோஜூல், தங்கத்துக்கு 890. தங்கத்தின் கருவில் மின்சுமை மிக அதிகம், நடுவில் உள்ள சில எலக்ட்ரான்கள் அதைச் சரியாக மறைப்பதில்லை. அதனால் கீழே இருந்தும் பிடி தளரவில்லை.

மகளிடம் தங்கத்தின் இடத்தை மட்டும் காட்டி, அது சீசியம் மாதிரி ஏன் இல்லை என்று கேளுங்கள். என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.