விட்டுப்போன அமெரிக்க வரிக் கணக்குகள்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு பதில்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பின் நான்கு ஆண்டுகள் இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு இப்போது சிங்கப்பூருக்கு வந்திருப்பதாகவும், இங்கே வங்கியில் அமெரிக்க வரி எண்ணைக் கேட்கும் டபிள்யூ-9 படிவத்தை நீட்டியபோதுதான் அமெரிக்காவுக்கு இத்தனை ஆண்டுகளாக வரிக் கணக்கே தாக்கல் செய்யவில்லை என்பது உறைத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த ஆண்டிலிருந்து ஒழுங்காகச் செய்தால் போதாதா என்பது உங்கள் கேள்வி.

போதாது. எங்கே வசித்தாலும் குடிமகன் தன் உலகளாவிய வருமானத்தைக் காட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அமெரிக்கர்களின் வெளிநாட்டுக் கணக்கு விவரங்களைக் கேட்டு அமெரிக்கா 2010இல் இயற்றிய ஃபட்கா சட்டத்தையொட்டி இந்தியா 2015இல் அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்குள்ள வங்கிகளும் அமெரிக்கர்களின் கணக்கு விவரங்களைத் தெரிவிக்கின்றன. ஆகவே பழையதை மறைத்துவிட்டுப் புதியதை மட்டும் காட்டினால், இடைவெளிதான் கண்ணில் படும்.

உங்களைப் போன்றவர்களுக்கென்றே ‘ஸ்ட்ரீம்லைன்ட்’ என்ற வழி இருக்கிறது. தாக்கல் கெடு முடிந்துபோன கடைசி மூன்று ஆண்டுகளின் வரிக் கணக்கையும், ஆறு ஆண்டுகளின் எஃப்பார் எனப்படும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையையும் கொடுத்து, வரி பாக்கி இருந்தால் வட்டியுடன் கட்டிவிட்டால் அபராதம் விதிப்பதில்லை. அந்த மூன்றில் ஏதாவது ஓர் ஆண்டிலாவது 330 முழு நாட்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். அங்கே குடியிருப்பும் இருந்திருக்கக் கூடாது. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் உங்கள் கணக்குகளைத் தணிக்கை செய்யத் தொடங்கிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

வரித்தொகையை நினைத்து அதிகம் அஞ்ச வேண்டாம். இந்தியாவில் சம்பளத்துக்குக் கட்டிய வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அமெரிக்கக் கணக்கோ ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே சம்பளச் சீட்டுகளை மாதவாரியாகப் பிரித்து அடுக்க வேண்டியிருக்கும். இதே வழியில் கணக்கைச் சரிசெய்த எனக்கு அதிக நேரம் தின்றது இந்த வேலைதான். இந்தியாவில் வரிவிலக்குப் பெற்ற வருமானம் அமெரிக்காவிலும் விலக்குப் பெறும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்திய மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருந்தால், வெளிநாட்டு நிதி முதலீடுகளுக்கான 8621 படிவமும் அதன் கடுமையான கணக்கு முறையும் வந்து சேரும். அதற்கு மட்டுமாவது தெரிந்தவரை அமர்த்துங்கள்.

எஃப்பாரில் பலரும் சறுக்குவது 10,000 டாலர் வரம்பில். அது கணக்கு ஒன்றுக்கான வரம்பு அன்று. எல்லாக் கணக்குகளிலும் அந்த ஆண்டில் இருந்த உச்சத் தொகைகளின் கூட்டு. அம்மாவின் சேமிப்புக் கணக்கில் வசதிக்காக உங்கள் பெயரையும் சேர்த்திருந்தால் அதுவும் இதில் அடங்கும். பணம் உங்களுடையது இல்லை என்பது இங்கே எடுபடாது.

எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுவது, ஸ்ட்ரீம்லைன்ட் வழியில் கொடுக்க வேண்டிய உறுதிமொழியான 14653 படிவம். கணக்குத் தாக்கல் செய்யாதது வேண்டுமென்றே அல்ல என்பதற்கான காரணத்தை அதில் உங்கள் சொந்த வார்த்தைகளில் விளக்கிக் கையெழுத்திட வேண்டும். பொய் சொன்னால் அது தனிக் குற்றம். எனக்கு உதவிய கணக்காளர் யாருக்கும் பொருந்தும்படியான நாலு வரியை எழுதித் தந்தார். நான் அதை ஒதுக்கிவிட்டு, எந்த ஆண்டில் எங்கே இருந்தேன், யார் சொன்னதை நம்பி இருந்துவிட்டேன், எப்போது தெரியவந்தது, தெரிந்தபின் என்ன செய்தேன் என்று தேதிவாரியாக இரண்டு பக்கம் எழுதினேன். எனக்குச் சாதகமில்லாத விவரங்களையும் மறைக்காமல் அதில் எழுதினேன். வங்கியில் அந்தப் படிவத்தைப் பார்த்தபோதுதான் உங்களுக்குத் தெரியவந்தது என்பதும் உங்கள் விளக்கத்தில் இடம்பெறட்டும். டபிள்யூ-9இலும் உண்மையான சமூகப் பாதுகாப்பு எண்ணையே எழுதுங்கள்.

இனிவரும் ஆண்டுகளில் சிங்கப்பூர் வரி குறைவென்பதால் அதைக் கழித்தும் பாக்கி நிற்கலாம். வெளிநாட்டில் ஈட்டிய சம்பளத்துக்கு அமெரிக்கா தரும் வரிவிலக்கைப் பாருங்கள், 2025க்கு அதன் உச்சவரம்பு 130,000 டாலர். சொந்தத் தொழில் செய்தால் 15.3 விழுக்காட்டு சுயதொழில் வரியிலிருந்து இந்த விலக்கு காப்பாற்றாது.

வரிக் கணக்கு ஒவ்வொன்றின் முதல் பக்கத்தின் மேலும் ‘ஸ்ட்ரீம்லைன்ட் ஃபாரின் ஆஃப்ஷோர்’ என்று சிவப்பு மையில் ஆங்கிலத்தில் எழுதி, டெக்சஸ் மாநில ஆஸ்டின் முகவரிக்கு அஞ்சலில் அனுப்புங்கள். எஃப்பார் மட்டும் இணையவழியில். அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் ஏற்றுக்கொண்டோம் என்று அவர்கள் கடிதம் போடுவதில்லை. எனக்கும் வரவில்லை.