ஹெபடைடிஸ் சி இருப்பதை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கலாமா? வந்தால் அதோடு எப்படி வாழ்வது?

"மூன்று மாதமாகக் களைப்பு, பசியும் இல்லை, இது ஹெபடைடிஸ் சி-யாக இருக்குமா, வந்தால் வாழ்நாள் முழுக்க அதோடு எப்படி வாழ்வது" என்று கேட்டிருக்கிறீர்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் போட்ட கேள்வி. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒருவரிடமும் இன்னும் வாய் திறந்திருக்க மாட்டீர்கள். நானும் பதினொரு நாள் அப்படித்தான் வைத்திருந்தேன்.

நான் டொக்டர் இல்லை. திருகோணமலையில் முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்கு நடந்ததையும், என்னைப் பார்த்த டொக்டர்மார் சொன்னதையும்தான் எழுதுகிறேன். "உனக்கென்ன தகுதி" என்று கீழே வந்து கேட்கப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.

கேள்வியின் முதல் பாதிக்கு நேரான பதில், முடியாது. களைப்பு, பசியின்மை, மூட்டு உளைவு, வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு பாரம், வயிற்றுப் பிரட்டல் என்று ஒரு பட்டியல் எல்லா இடத்திலும் கிடக்கிறது. அது பிழையான பட்டியல் இல்லை. ஆனால் இரத்தசோகைக்கும் அதே பட்டியல்தான், தைரொயிட்டுக்கும் அதேதான், பிள்ளை வளர்த்துக்கொண்டு வேலைக்கும் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவாள். ஈரலைத் தாக்குகிற இந்தக் கிருமி உடம்புக்குள் வந்த முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குத்தான் கண் மஞ்சளாகும், சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போகும். நூறு பேருக்கு வந்தால் ஏறக்குறைய முப்பது பேரின் உடம்பு மருந்தே இல்லாமல் கிருமியை விரட்டிவிடும். மற்ற எழுபது பேரிடமும் அது தங்கிவிடும். தங்கினால் இருபது, முப்பது வருடம் சத்தமில்லாமல் ஈரலை அரித்துக்கொண்டிருக்கும். செங்கமாரி, கால் வீக்கம், வயிற்றில் நீர், இரத்த வாந்தி என்று வெளியே தெரிகிற நேரத்தில் ஈரல் இறுகிச் சுருங்கிப் போயிருக்கும். அதனால் அறிகுறி வரட்டும் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். காலையில் போய் இரத்தம் கொடுத்துச் சோதியுங்கள்.

என் களைப்பு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்கு நடந்து போவது என் வழக்கம். கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்கள் நிற்கிற மரநிழலைத் தாண்டி, சுவாமி மலை மேடு வரை ஒரே மூச்சில் ஏறுவேன். 2014, 2015 அளவில் அந்த மான்கள் நிற்கிற இடத்தில் நான் நிற்கத் தொடங்கினேன். கூட வருகிறவர்களுக்கு மான் பார்க்கிறதுபோல் காட்டிக்கொள்வேன். மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு நோகவில்லை. கால் வரமாட்டேன் என்றது, அவ்வளவுதான். வீட்டில் "வயசு" என்றார்கள். பக்கத்து அக்கா "மாதவிடாய் நிற்கிற காலம்" என்றார். நானும் அதைத்தான் நம்பினேன். பிறகு ஒரு தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டும்போது ஒரே பிள்ளையின் கூட்டுத்தொகை மூன்று தடவை மூன்று விதமாக வந்தது. ஏழு பாடம், ஏழு எண்கள். கணக்கு ரீச்சர் நான். அன்றைக்கு மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அப்போதுகூட ஈரல் என்ற சொல் மனதுக்கு வரவில்லை.

2018இல் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஒப்பரேசன் என்று முடிவானது. அதற்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில், ஈரல் பாதிப்பைக் காட்டுகிற எஸ்.ஜி.பி.ரி என்ற அளவு 88. நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. அதைத் துருவிப் போனபோதுதான் ஹெபடைடிஸ் சி பொசிற்றிவ் என்று வந்தது.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். முதலில் செய்வது அன்ரிபொடி சோதனை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற பொருளைத் தேடுவது. கிருமி எப்போதாவது உங்கள் உடம்புக்குள் வந்ததா என்பதைத்தான் அது சொல்லும். இப்போதும் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்கு ஆர்.என்.ஏ சோதனை, பி.சி.ஆர் என்றும் சொல்வார்கள், அது வேண்டும். முதல் கடதாசியை மட்டும் பார்த்துவிட்டு உயில் எழுதுகிற அளவுக்குப் போய்விடாதீர்கள். நான் அந்தப் பதினொரு நாளும் அப்படித்தான் இருந்தேன். தாலிக்கொடி யாருக்கு, தோடு யாருக்கு என்று கொப்பி ஒன்றில் எழுதிக்கூட வைத்தேன். எனக்கு இரண்டாவது சோதனையிலும் கிருமி இருந்தது, அது வேறு கதை. உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம்.

எங்கிருந்து வந்தது? எனக்கு நிச்சயமாகத் தெரியாது. டொக்டரும் "இதுவாகத்தான் இருக்க வேண்டும்" என்றாரே தவிர அடித்துச் சொல்லவில்லை. மூத்தவன் 1988இல் பிறந்தான். பிள்ளை பிறந்த பிறகு எனக்கு இரத்தம் நிற்கவில்லை, மூன்று போத்தல் ஏற்றினார்கள். இந்தக் கிருமியையே 1989இல்தான் அடையாளம் கண்டார்கள். அதற்கு முன் அந்த நோய்க்கு "ஏயும் இல்லை, பியும் இல்லை" என்றுதான் பெயர். ஆகவே அன்றைக்கு உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியாலும் இரத்தத்தில் இதைச் சோதித்திருக்க முடியாது. யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் அன்று இருந்த நிலைமையில் யாரோ ஒரு மனிதர் வந்து கையை நீட்டிக் கொடுத்த இரத்தம் அது. அது இல்லாவிட்டால் என் மகன் தாயைப் பார்த்திருக்க மாட்டான். 2020இல் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்ள்ஸ் றைஸ் மூவருக்கும் நோபல் பரிசு என்று செய்தியில் சொன்னபோது, அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன். (இதை வாசித்து யாரும் இரத்தம் ஏற்றவோ கொடுக்கவோ பயப்பட வேண்டாம். இன்று இலங்கையில் சேர்க்கிற ஒவ்வொரு பையையும் சோதித்துத்தான் கொடுக்கிறார்கள்.)

இனி எழுதப்போவதை என் மருமகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ மாமி, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

பன்னிரண்டாவது நாள் வீட்டில் சொன்னேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை தேத்தண்ணி வந்த எவர்சில்வர் பேணியைக் குடித்து முடித்துக் கவிழ்த்தபோது, அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு சின்னப் பொட்டு. சோற்றுக் கோப்பையிலும் அதே பொட்டு. கரண்டியின் காம்பிலும். கழுவிய பாத்திரத் தட்டில் என்னுடையவை மட்டும் ஒரு மூலையில், பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றுக்குள். பேரனுக்கு அப்போது ஆறு மாதம். என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை, "மாமி, உங்களுக்குக் கை உளையும்" என்று சொல்லி மெதுவாகத் தூக்கிக்கொண்டு போனாள். அவளைக் கெட்டவள் என்று நினைக்காதீர்கள். கைக்குழந்தைக்காரி. யாரோ அவளுக்கு எச்சில் பட்டால் தொற்றும் என்று சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடமாக அதே வீட்டில் அதே பேணியில்தான் எல்லோரும் குடித்தோம் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பொட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிறு, கதவுக்குப் பின்னால் ஆணியில் திறப்புக் கோர்வையோடு தொங்குகிற நகவெட்டியை எடுத்து நகம் வெட்டினேன். ஓரச் சதை பட்டு ஒரு துளி இரத்தம் வந்தது. துடைத்துவிட்டு ஆணியில் திரும்பக் கொழுவப்போனேன். கை அப்படியே நின்றுவிட்டது. மகன் வெட்டுவது அதில், அவள் வெட்டுவது அதில், குழந்தையின் நகம் வெட்டுவதும் அதே நகவெட்டியில். பேணியைப் பிரித்த வீட்டில் நகவெட்டியைப் பிரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இந்தக் கிருமி இரத்தத்தில் இருந்து இரத்தத்துக்குப் போவது. சேர்ந்து சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், முத்தம் கொடுப்பதால், இருமலால், ஒரே கக்கூசைப் பாவிப்பதால் வராது. சவர அலகு, நகவெட்டி, பல்துலக்கி, குளுக்கோஸ் பார்க்கக் குத்துகிற ஊசி, இவற்றைத்தான் பிரிக்க வேண்டும். அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் ஐந்து நகவெட்டி வாங்கினேன். மருமகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் டொக்டர் வாயால் கேட்க வைத்தேன். அவர் பேசி முடிக்குமட்டும் அவள் குழந்தையின் விரல்களைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கி எறிந்தாள்.

வீட்டில் எல்லோரையும் சோதித்தோம். தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போக நூற்றில் ஐந்து, ஆறு வாய்ப்பு இருக்கிறதாம். மகள் 1992இல் பிறந்தவள் என்பதால் அவளுடைய ரிப்போட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவருக்கும் இல்லை.

"வாழ்நாள் முழுக்க எப்படி வாழ்வது" என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்படி வாழத் தேவையில்லை. இது குணமாகிற நோய். முன்பு இன்ரர்பெரோன் ஊசியும் றிபாவிரின் குளிசையும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கொடுத்து ஆளை வாட்டி எடுப்பார்களாம், அதிலும் பலருக்குக் குணமாகாது. 2013 கடைசியில் சொஃபொஸ்புவிர் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. அமெரிக்காவில் அப்போது ஒரு குளிசை 1,000 டொலர், பன்னிரண்டு கிழமைக்கு 84,000 டொலர். பிறகு இந்தியக் கம்பனிகள் அனுமதி பெற்றுச் செய்யத் தொடங்கியதும் விலை விழுந்தது. நான் குடித்தது இந்தியாவில் செய்த சொஃபொஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் சேர்ந்த குளிசை. நாளைக்கு ஒன்று, பன்னிரண்டு கிழமை, 84 குளிசை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள். முதல் இரண்டு கிழமை தலையிடி, வேறு ஒன்றுமில்லை.

டொக்டரிடம் எல்லா மருந்தையும் சொல்லுங்கள். நான் காஸ்ரிக்குக்கு வருடக்கணக்காக ஒமிப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தேன். அது இந்தக் குளிசையை உடம்பில் சேரவிடாது என்று நிறுத்தினார். சில இதய மருந்துகளும் ஒத்துக்கொள்ளாது. ஹெபடைடிஸ் பி-யையும் முதலே சோதிக்க வேண்டும், உள்ளே அது இருந்தால் இந்த மருந்தோடு கிளம்பிவிடக்கூடும். பனடோலை அள்ளிப் போடாதீர்கள், எவ்வளவு போடலாம் என்று கேளுங்கள். குடிப்பவராக இருந்தால், இன்றோடு நிறுத்துங்கள்.

கீழ்க்காய்நெல்லியில் சுகமானது என்று சிலர் எழுதுவீர்கள். உங்கள் அனுபவத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை. என் அம்மாவும் எங்களுக்குச் செங்கமாரி வந்தபோது மோரில் அரைத்துத் தந்தவர்தான். ஆனால் தண்ணீரால், சாப்பாட்டால் வருகிற ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். அதில் கிடைத்த நம்பிக்கையை இதில் கொண்டுவந்து வைத்து மாதங்களை வீணாக்காதீர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றால் தாண்டிப் போங்கள். சிகிச்சைக்காக இரவு ரயிலில் கொழும்புக்குப் போவேன். அங்கே ஓர் இடத்தில் கையெழுத்து வைக்கச் சொல்லி ஒரு படிவம் தந்தார்கள், முழுக்கச் சிங்களத்தில். எனக்கு வாசிக்கத் தெரியாது. தமிழில் இருக்கிறதா என்று கேட்டதற்கு "பக்கத்தில யாரிட்டயாவது கேளுங்க" என்று பதில். கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த மலையகத்துப் பிள்ளை ஒன்று வந்து எனக்கு வாசித்துச் சொன்னது. வரிசையில் இருந்த அவ்வளவு பேருக்கும் என் நோய் கேட்டது. அந்தப் பிள்ளையில் பிழை இல்லை, அது உதவி செய்தது. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. எனக்கு இரத்தம் ஏற்றியதற்கும் ஒரு வருடம் முந்திய சட்டம். முப்பது வருடம் கழித்தும், என் உடம்பில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை என் மொழியில் வாசிக்க எனக்கு ஒரு கடதாசி இல்லை. நோயைவிட அது எனக்கு நொந்தது.

சரி. குளிசை முடிந்து பன்னிரண்டு கிழமை கழித்து மறுபடி ஆர்.என்.ஏ பார்த்தார்கள். கிருமி இல்லை. அதற்குப் பெயர்தான் குணம். ஆனால் அன்ரிபொடி வாழ்நாள் முழுக்கப் பொசிற்றிவ் என்றே காட்டும். இது தெரியாமல் பிறகு ஒரு பல் கிளினிக்கில் என் பழைய ரிப்போட்டைப் பார்த்துவிட்டு "இண்டைக்கு முடியாது அம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். கொழும்பு ரிப்போட்டைக் கொண்டுபோய்க் காட்டி, மூன்றாம் தடவைதான் பல்லைப் பிடுங்கினார்கள். அதிலிருந்து அந்தக் கடதாசியை லமினேட் பண்ணிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். குணமானவருக்கும் திரும்பத் தொற்றலாம், இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆகவே நகவெட்டி இன்றும் தனித்தனிதான்.

என் ஈரல் ஏற்கெனவே பாதி இறுகியிருந்தது, ஈரலின் இறுக்கத்தை அளக்கிற ஃபைப்ரோஸ்கானில் 10.8. அதனால் கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கான் பார்க்கிறேன், புற்றுநோய் ஏதும் தலைகாட்டுகிறதா என்று. இதுவரை ஒன்றுமில்லை. சுவாமி மலையில் இப்போது மான்களைத் தாண்டி ஏறிவிடுகிறேன், மேலே கோயில் வாசல் கடைகளுக்குக் கிட்டப் போய்த்தான் நிற்கிறேன். அது உண்மையாகவே வயசு.

அன்ரிபொடி மட்டும் பார்த்திருந்தால் நாளைக்கே ஆர்.என்.ஏ-க்கு இரத்தம் கொடுங்கள். அந்த எண் வந்ததும் இங்கே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.