விலை எழுதாத வரி

அன்புள்ள அக்கா,

நெல் வாங்கும் ஒரு மில்லுக்கு மென்பொருள் செய்து கொடுத்தேன். பிழை வரக் கூடாதென்று, விலை போடாமல் ஒரு வரியையும் சேமிக்க முடியாதபடி வைத்தேன். முதல் வாரம் தராசடியில் கணினியில் அடித்தார்கள்; பல வரிகளில் விலை 1 ரூபாய் என்று கிடக்கிறது. பிறகு கொப்பிக்கே திரும்பிவிட்டார்கள். இரவில் ஒரு பையன் அதைப் பார்த்து ஏற்றுகிறான். பழக்கமில்லாத ஆட்கள். இன்னும் பயிற்சி கொடுப்பதா, கொப்பியை நிறுத்தச் சொல்வதா? பொத்தானில் ‘சேமி’ நல்லதா, ‘பதிவு செய்’ நல்லதா?

கே., காரைதீவு

அன்புள்ள தம்பி,

‘சேமி’யோ ‘பதிவு செய்’யோ, ஏதாவது ஒன்றை வையுங்கள். அந்த 1 ரூபாய்தான் இரண்டு நாளாக என் மனதில் நிற்கிறது.

என் பெரியப்பா சம்மாந்துறைப் பக்கம் ஒரு மில்லில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் தேத்தண்ணிப் போத்தலோடு போய், அவர் மேசைக்குப் பக்கத்தில் சாக்குகளின் மேல் ஏறி இருப்பேன். மாசி மாதம் வாசலில் உழவு மெசின் பெட்டிகள் வரிசையாக நிற்கும். தராசில் மூட்டை ஏற ஏற நிறையைச் சொல்வார்கள், அவர் எழுதுவார். பெயர், மூட்டை, நிறை. விலை இடம் வெறுமை. அந்த நேரத்தில் விலை என்று ஒன்று இல்லை, தம்பி. 14 சதவீத ஈரத்துக்குக் காய்ந்த நெல்லுக்கு ஒரு விலை, வயலில் இருந்து நேரே வந்ததற்கு வேறு விலை. கழிவு எவ்வளவு என்று பேசித் தீரப் பொழுது சாய்ந்துவிடும்.

பின்னேரம் பெரியப்பா கொப்பியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்குவார். விலை இல்லாத வரியில் விரல் நிற்கும். “இவர் இன்னும் பேசல்ல” என்பார். அடுத்த நாள் காலையில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அந்த வெற்றிடங்கள்தான் அவருக்குச் சொல்லும்.

உங்கள் திரை அதைப் பிழை என்றது. பின்னால் பத்து மெசின் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த மனிசன் என்ன செய்வார்? 1 என்று அடித்தார். பொய்க்கணக்கை எழுத வைத்தது நீங்கள். அவரைப் ‘பழக்கமில்லாத ஆட்கள்’ என்று எழுத எப்படி மனம் வந்தது? அந்த இடத்தில் பழக்கமில்லாதவர் நீங்கள்தான். அந்தச் சொல்லை இனி எழுதாதீர்கள்.

1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் என்று ஒரு கணக்குத்தாள் மென்பொருளைச் செய்தார்கள். கணக்கு எழுதுகிறவர்கள் தாளில் போட்டுவந்த அதே நிரலும் நிரையும்தான். ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் அது ஏசவில்லை. ஒரு எண்ணை மாற்றினால் அதோடு சேர்ந்த கணக்கெல்லாம் தானாக மாறியது. தாளால் முடியாத அந்த ஒன்றைத்தான் கூட்டிக் கொடுத்தார்கள். இன்றைக்கு எக்செல்லிலும் வெறும் கட்டம் வெறும் கட்டமாகவே இருக்கும்.

நீங்களும் விலையை வெறுமையாக விட இடம் கொடுங்கள். பின்னேரம் விலை விழாத வரிகளை மட்டும் தனியாகக் காட்டுங்கள். விலை போட்ட உடனே கழிவு போகக் கையில் வரும் தொகையைக் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். பெரியப்பாவுக்கு அதற்குத்தான் இரவு பதினொரு மணியாகும்.

பிழை வரக் கூடாதென்று நீங்கள் பயந்ததை நான் குறை சொல்லவில்லை. கடன்பட்டு விதைத்தவனின் காசு அது. அந்தப் பயம் இருக்கிற பிள்ளை என்றபடியால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கொப்பியை நிறுத்தச் சொல்லாதீர்கள். பயிற்சியும் வேண்டாம். ஆவணியில் சிறுபோக நெல் வரத் தொடங்கும். மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டு இரண்டு நாள் தராசடியில் போய் இருங்கள். எதை முதலில் எழுதுகிறார்கள், எதைப் பென்சிலால் எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விடுகிறார்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா