இரண்டு சேர்வரில் ஒன்று விழுந்தது. மற்றது ஏன் இயங்க மறுக்கிறது?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் மருந்து மொத்த விநியோக நிறுவனம் ஒன்றின் கணினிகளுக்கு நான் பொறுப்பு. இரண்டு சேர்வர்களில் புரொக்ஸ்மொக்ஸ் 8 (ஒரே சேர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது வி.எம்.களை, ஓட்டும் மென்பொருள்) நிறுவி ஒரே கிளஸ்டராக, அதாவது ஒரே குழுவாக, இணைத்திருக்கிறோம். இரண்டிலும் இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையில் அமைத்த வட்டுகள். கணக்கு மென்பொருள் உள்ள விண்டோஸ் வி.எம். முதல் சேர்வரில் ஓடும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் பிரதி இரண்டாவதற்குப் போகும். முந்தாநாள் மாலை இடிமின்னலோடு மின்சாரம் போய் வந்தது. முதல் சேர்வர் எழவே இல்லை. இரண்டாவது எழுந்தது, ஆனால் அதிலுள்ள வி.எம்.கள்கூடத் தொடங்கவில்லை. ‘குவோரம் இல்லை’ என்ற பிழைச் செய்திதான் வருகிறது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா? சில மாதங்களுக்கு முன் கோப்புகள் வைக்கும் வி.எம். ஒன்று மஞ்சள் முக்கோணக் குறியுடன் உறைந்து நின்றது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: வேண்டாம். புதிதாக நிறுவும் எண்ணத்தை இப்போதே கைவிடுங்கள். புரொக்ஸ்மொக்ஸை நிறுவும்போது, நீங்கள் தேர்ந்தெடுக்கும் வட்டில் இருப்பதெல்லாம் அழிக்கப்படும். சிறிய அலுவலகங்களில் இயங்குதளமும் வி.எம்.களும் பெரும்பாலும் ஒரே இசட்.எஃப்.எஸ். தொகுப்பில் (வட்டுகளைச் சேர்த்து அமைத்த ஒரே சேமிப்பிடத்தில்)தான் இருக்கும். முதல் சேர்வர் எழாத இந்த நேரத்தில் உங்கள் கணக்கின் பிரதி கையில் இருப்பது இரண்டாவது சேர்வரில் மட்டுமே. அதையும் உங்கள் கையாலேயே அழித்துவிடாதீர்கள்.

உண்மையில் இரண்டாவது சேர்வருக்கு எந்தப் பழுதும் இல்லை. கிளஸ்டரில் உள்ள சேர்வர்கள் கொரோசிங்க் என்ற மென்பொருள் வழியாக ஒன்றையொன்று இடைவிடாமல் விசாரித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. மொத்த வாக்குகளில் பாதிக்கு மேல் இருந்தால்தான் முடிவெடுக்கலாம் என்பது விதி. அந்தப் பெரும்பான்மைக்குப் பெயர்தான் குவோரம். இரண்டு பேர் மட்டுமே உள்ள பரிபாலன சபையில் ஒருவர் வராவிட்டால் மற்றவர் தனியாகத் தீர்மானம் போட முடியாது அல்லவா? அதே நிலைதான். தேவைப்படும் வாக்குகள் இரண்டு. உங்களிடம் இருப்பது ஒன்று. அதனால் கிளஸ்டரின் அமைப்புக் கோப்புகள் அனைத்தும் வாசிக்க மட்டும் கூடிய நிலைக்குப் போய்விடுகின்றன, வி.எம்.களும் தொடங்குவதில்லை.

இந்தக் கண்டிப்பு வீண் அல்ல. எஞ்சியிருக்கும் சேர்வருக்கு, மற்றது செத்துவிட்டதா, இடையிலுள்ள கேபிள் மட்டும் அறுந்துவிட்டதா என்பது தெரியாது. கேபிள் அறுந்த நிலையில் இரண்டும் தனித்தனியே துணிந்து அதே கணக்கு வி.எம்.மை ஓட்டினால், ஒரே நாளின் விற்பனை இரண்டு வெவ்வேறு கணக்குகளாகப் பிரிந்துவிடும். பிறகு அவற்றை ஒன்றுசேர்ப்பது யாராலும் ஆகாது.

அதனால், செத்த சேர்வர் நிச்சயமாக அணைந்திருக்கிறது என்பதை உறுதிசெய்வதுதான் முதல் வேலை. விளக்கு எரியவில்லை என்பது போதாது. மின்வயரையும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றி வையுங்கள். பிறகு இரண்டாவது சேர்வரின் ஷெல்லில் (கட்டளை எழுதும் திரையில்) முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக நுழைந்து ஒரே ஒரு கட்டளை: ஆங்கில எழுத்தில் பி, வி, இ, சி, எம், இடைவெளி, எக்ஸ்பெக்டட், இடைவெளி, 1. எதிர்பார்க்கும் வாக்கு ஒன்றுதான் என்று கொரோசிங்குக்குச் சொல்கிறீர்கள். உடனே குவோரம் கிடைக்கும். அந்தச் சேர்வருக்கே உரிய வி.எம்.கள் வழக்கம்போலத் தொடங்கும். இது தற்காலிக ஏற்பாடு. இந்த நிலையில் புதிய வி.எம். உருவாக்குவது, சேமிப்பகம் சேர்ப்பது, செத்த சேர்வரைக் கிளஸ்டரிலிருந்து நீக்குவது எதையும் செய்யாதீர்கள். அவசியமானதை ஓடவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கணக்கு வி.எம். முதல் சேர்வருக்கு உரியது என்பதால் அதற்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. அதன் வட்டுப் பிரதி ஏற்கெனவே இரண்டாவதில் உள்ளது. அமைப்புக் கோப்பு மட்டும் முதல் சேர்வரின் பெயரிலுள்ள கோப்புறையில் இருக்கிறது. எட்ஸி கோப்புறைக்குள் பி.வி.இ., அதற்குள் நோட்ஸ், அதற்குள் சேர்வரின் பெயர், அதற்குள் கியூ.இ.எம்.யூ. சேர்வர் என்று போனால் வி.எம். எண்ணைப் பெயராகக் கொண்ட சிறிய கோப்பு ஒன்று தெரியும். அதை இரண்டாவது சேர்வரின் அதே கோப்புறைக்கு நகர்த்துங்கள். நகலெடுக்கக் கூடாது, நகர்த்த வேண்டும். திரையில் வி.எம். இடம்மாறி வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

தொடங்கும் பொத்தானை அழுத்துமுன் கொஞ்சம் பொறுங்கள். பிரதி எந்த நேரத்தோடு நிற்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. இசட்.எஃப்.எஸ். ஸ்னாப்ஷொட் (ஒரு கணத்தில் வட்டு இருந்த நிலையின் பதிவு) பட்டியலை எடுத்தால், ‘ரெப்ளிகேட்’ என்ற சொல்லும் வி.எம். எண்ணும் சேர்ந்த பெயரின் இறுதியில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளின் எண்ணிக்கை அது. லினக்ஸின் டேட் கட்டளையிடம் கொடுத்தால் திகதியும் நேரமுமாக மாற்றித் தரும். மின்சாரம் போனது மாலை 5.40, பிரதி நிற்பது 5.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள 10 நிமிட விற்பனை இந்தப் பிரதியில் இருக்காது. அந்த நேரத்துப் பற்றுச்சீட்டுகளின் அச்சுப் பிரதிகளைத் தனியே எடுத்து வைத்து, வி.எம். எழுந்ததும் கையால் பதிவு செய்யுங்கள். கணக்காளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மாத இறுதியில் தலைவலி இராது.

அந்தப் பத்து நிமிடமும் கட்டாயம் வேண்டும் என்றால், அது செத்த சேர்வரின் வட்டில் இருக்கக்கூடும். சேர்வரைத் திருத்திய பிறகு, நெட்வொர்க் கேபிள் இணைக்காமல் எழுப்பித் தேவையானதை வெளி வட்டொன்றுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக எழுந்தால் அதற்கும் குவோரம் கிடைக்காது; எந்த வி.எம்.மும் தானாக ஓடாது. அந்தச் சேர்வரிலும் போய் ‘எக்ஸ்பெக்டட் 1’ கொடுத்துவிடாதீர்கள். தரவை எடுத்த பிறகு கேபிளை இணையுங்கள். புதிய அமைப்பை அது தானே ஏற்றுக்கொள்ளும். பிரதியெடுப்புப் பணி இனி இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள். திசை திரும்பி ஓடத் தொடங்கியதும் முதல் சேர்வரிலுள்ள பழைய வட்டு மீட்க முடியாதபடி மாறிவிடும்.

முதல் சேர்வர் ஏன் செத்தது? மின்னலுக்குப் பின் முதலில் சந்தேகிக்க வேண்டியது பவர் சப்ளையை. வேறொன்றை மாட்டிப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் வட்டுகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அவற்றை வேறு இயந்திரத்தில் பொருத்தி இசட்.எஃப்.எஸ். தொகுப்பைத் திறக்கலாம். உவர்மலையில் இருப்பவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலை ஒட்டிய இடம். ஜன்னலைத் திறந்து வைத்த அறையில் சேர்வர் விசிறி நாள் முழுவதும் உப்புக் காற்றையே இழுக்கிறது. மெமரித் தகட்டைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மங்கலாகவோ பச்சை படிந்தோ இருந்தால் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சினால் துடைத்து, நன்கு உலர்ந்த பின் பொருத்துங்கள். எழாமல் கிடக்கும் இயந்திரம் சில வேளை இந்த ஒரு வேலையிலேயே எழுந்துவிடும். சேர்வர் அறையின் ஜன்னல் மூடியே இருக்கட்டும்.

இனி நிரந்தரத் தீர்வு. இரண்டு சேர்வர் கிளஸ்டருக்கு மூன்றாவது வாக்கு ஒன்று அவசியம். அதற்காக மூன்றாவது சேர்வர் வாங்க வேண்டியதில்லை. வாக்களிக்க மட்டும் வேறோர் இயந்திரத்தைச் சேர்க்கும் கியூடிவைஸ் என்ற வசதி புரொக்ஸ்மொக்ஸில் உண்டு. டெபியன் லினக்ஸ் ஓடும் சிறிய இயந்திரம் ஒன்று போதும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியும் தாங்கும். அதில் கொரோசிங்க் கியூநெட்டி என்ற மென்பொருளையும், இரண்டு சேர்வர்களிலும் கொரோசிங்க் கியூடிவைஸ் என்ற மென்பொருளையும் நிறுவி, பி.வி.இ.சி.எம். கட்டளையாலேயே இணைத்துவிடலாம். இணைக்கும் நேரத்தில் இரண்டு சேர்வர்களும் ஓட வேண்டும், ஆகவே முதலாவது திருந்திய பின்புதான் இது முடியும். அதன்பிறகு ஒரு சேர்வர் விழுந்தாலும் மூன்றில் இரண்டு வாக்கு இருக்கும்; மற்றது இயங்கும். இந்தச் சிறிய இயந்திரத்தை அதே கிளஸ்டருக்குள் ஒரு வி.எம்.மாக உருவாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சேர்வர் விழும்போது அந்த வாக்கும் சேர்ந்தே விழும் என்பதால் அதனால் பயன் இல்லை.

உங்களுக்குக் கிண்ணியாவிலோ மூதூரிலோ கிளை இருந்தால், கியூடிவைஸை அங்கே வைத்து வி.பி.என். வழியாக இணைக்கலாம், கொஞ்சம் தாமதத்தை அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் கிளஸ்டரின் சேர்வர் ஒன்றை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். சேர்வர்களுக்கிடையே 5 மில்லிவினாடிக்குக் குறைவான தாமதத்தையே கொரோசிங்க் எதிர்பார்க்கிறது.

மின்சாரத்தை இந்தப் பதிலில் ஒதுக்கிவிட முடியாது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அத்தனை பெரிய தடை அரிது. ஆனால் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமழை நமக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. சேர்வர்களுக்கு யூ.பி.எஸ். பொருத்திவிட்டு நெட்வொர்க் சுவிட்சைச் சாதாரணப் பிளக்கில் விட்டுவிடும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. மின்சாரம் போனதும் சேர்வர்கள் இரண்டும் நலமாக ஓடும், சுவிட்ச் அணைந்துவிடும், இரண்டும் ஒன்றையொன்று காணாமல் குவோரத்தை இழந்துவிடும். ஹெச்.ஏ. வசதியும் (ஒரு சேர்வர் விழுந்தால் அதன் வி.எம்.களை மற்றதில் தானாக ஓடவைப்பது) இயக்கப்பட்டிருந்தால் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் இரண்டுமே தாமாக அணைந்து மீளத் தொடங்கும். யூ.பி.எஸ். இருந்தும் எல்லாம் விழுந்ததே என்று திகைப்பவர்கள் முதலில் சுவிட்சின் வயர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

யூ.பி.எஸ். இருந்தால் மட்டும் போதாது, பற்றரி தீருமுன் சேர்வர் தன்னை ஒழுங்காக அணைத்துக்கொள்ளவும் வேண்டும். என்.யூ.டி. என்ற திறந்த மூல மென்பொருள் அதற்கானது. யூ.எஸ்.பி. கேபிள் ஒரு சேர்வரில். மற்றது நெட்வொர்க் வழியாக அதைக் கேட்டுக்கொள்ளும். ஒரு வி.எம். அணைய புரொக்ஸ்மொக்ஸ் 180 வினாடி வரை காத்திருக்கும். அணைய மறுக்கும் வி.எம். ஒன்று இருந்தால் அந்த மூன்று நிமிடமும் போய்விடும். ஆகவே அணையும்படி சேர்வர் சொல்வதை வி.எம்.முக்குள் கேட்டுச் செய்யும் கியூ.இ.எம்.யூ. கெஸ்ட் ஏஜெண்ட் என்ற சிறு மென்பொருளை ஒவ்வொரு வி.எம்.மிலும் நிறுவுங்கள். நம் வெக்கையில் யூ.பி.எஸ். பற்றரிகள் சீக்கிரமே தளர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மஞ்சள் முக்கோணத்துக்கும் இப்போதைய சிக்கலுக்கும் தொடர்பு இல்லை. அது அநேகமாக இடம் நிரம்பியதன் விளைவு. வி.எம். எழுத முயன்றபோது தொகுப்பில் இடம் இல்லாவிட்டால், தரவு கெடாமலிருக்க புரொக்ஸ்மொக்ஸ் அதை அப்படியே நிறுத்தி வைக்கும். ஏதோ மேம்படுத்தலுக்கு முன் எடுத்து மறந்துபோன ஸ்னாப்ஷொட்டுகளே வழக்கமாகக் குற்றவாளிகள். அழித்த கோப்பையும் ஸ்னாப்ஷொட் விடாமல் பிடித்து வைத்திருக்கும். இன்னொரு காரணம், விண்டோஸுக்குள் கோப்பை அழித்தாலும் அந்த இடம் சேர்வருக்குத் திரும்புவதில்லை. வி.எம்.மின் வட்டு அமைப்பில் டிஸ்கார்ட் என்ற பெட்டியைக் குறியிட்டு, விண்டோஸின் ஒப்டிமைஸ் வசதியை ஓடவிட்டால்தான் திரும்பும். சேமிப்பக அமைப்பில் தின் புரொவிஷன் (வட்டின் முழு அளவையும் முன்கூட்டியே ஒதுக்காத முறை) குறியிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தொகுப்பு 80 வீதத்தைத் தாண்ட விடாதீர்கள். அதற்கு மேல் வேகம் குறையத் தொடங்கும்.

உங்கள் கடிதத்தில் பேக்கப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதுதான் எனக்குக் கவலை. 15 நிமிடப் பிரதி பேக்கப் ஆகாது. யாரோ தவறுதலாக அழித்த பேரேடு, அடுத்த சுற்றில் பிரதியிலும் அழிந்திருக்கும். பழைய மேசைக் கணினி ஒன்றில் பெரிய வட்டு போட்டு புரொக்ஸ்மொக்ஸ் பேக்கப் சேர்வரை நிறுவுங்கள். அதுவும் இலவசம், திறந்த மூலம். முதல் முறைக்குப் பிறகு மாறியதை மட்டுமே எடுக்கும் என்பதால் இரவில் விரைவாக முடியும். எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு வி.எம்.மை வேறு எண்ணில் மீட்டு, நெட்வொர்க்கைத் துண்டித்து வைத்து, கணக்கு மென்பொருள் திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

2025 ஓகஸ்டில் புரொக்ஸ்மொக்ஸ் 9 வந்துவிட்டது. மேம்படுத்தத்தான் வேண்டும், ஆனால் இப்போது அல்ல. இரண்டு சேர்வர்களும் சேர்ந்து ஓடி, கியூடிவைஸ் இணைந்து, ஒரு பேக்கப்பையாவது மீட்டுப் பார்த்த பிறகு செய்யுங்கள்.

எல்லாம் ஒழுங்கானதும் அலுவலகம் பூட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், கிளஸ்டர் நிலையில் மூன்று வாக்குகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது சேர்வரில் ஓடும் கணக்கு வி.எம்.மை அப்படியே விட்டுவிட்டு, முதல் சேர்வரை ஒழுங்காக அணைத்து அதன் மின்வயரைக் கழற்றுங்கள். பிறகு இரண்டாவதையும் ஒருமுறை அணைத்துத் தனியாக எழுப்புங்கள். ‘பூட்டில் தொடங்கு’ என்று குறியிட்ட வி.எம்.கள் யாரும் கை வைக்காமலே எழ வேண்டும். எழாவிட்டால் கியூநெட்டி இயந்திரத்தின் 5403 என்ற போர்ட் ஃபயர்வோலில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.